சம்பந்தியோடு பேசப் படித்த பாஷை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால் எனக்கு நாலு பாஷை தெரியும். தமிழ் பிறப்போடு வந்தது. சிங்களம், பொலன்னறுவைப் பக்கம் நெல் ஏற்றிப்போய் வியாபாரிகளோடு விலை பேசிப் பேசியே வாயில் ஏறியது. ஆங்கிலம், மெஷின் விற்பவர்களை ஏசுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. நாலாவது பிலிப்பினோ. அதைத் தலை நரைத்த பிறகு, ஒரு வாத்தியார் முன்னாலும் போய் உட்காராமல், போனைப் பார்த்தே பிடித்தேன். என் அரிசி மில் இருக்கும் வவுணதீவில் இன்னொருவர் இப்படிச் செய்ததாக யாராவது சொன்னால் அவரை அங்கே கூட்டி வாருங்கள். நேருக்கு நேர் பேசிப் பார்ப்போம்.

பொழுது போகாமல் படித்தேன் என்று நினைக்க வேண்டாம். என் மகனை வீட்டுக்குக் கொண்டுவரப் படித்தேன்.

எனக்கு ஒரே பிள்ளை, ஆண்பிள்ளை. கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்த காலத்தில் அங்கே ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளையை விரும்பிக் கல்யாணம் முடித்தான். நான் குறுக்கே நிற்கவில்லை. போட்டோவைப் பார்த்தேன், நல்ல முகம், சரி என்றேன். பேத்தி பிறந்தாள். பிறகு இரண்டு பேருக்கும் அங்கே வேலை முடிந்தது. ஊருக்கு வருவார்கள் என்று நான் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க, அவர்கள் நேரே அவளுடைய ஊருக்குப் போய் இறங்கினார்கள்.

நான் பெயின்ட் அடித்த அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் கட்டுவார்கள். கல்யாணம் முடித்த ஆண், பெண்சாதியின் வீட்டில் போய் இருப்பான். நானும் அப்படித்தான் பனிச்சங்கேணியிலிருந்து ஒரு பெட்டியோடு நாவற்குடாவுக்கு வந்தவன். இன்றைக்கும் நான் படுத்து எழும்புவது மனைவியின் பெயரில் உள்ள வீட்டில்தான். எனக்குப் பெண்பிள்ளை இல்லை. அதனால் மகனுக்கென்று அதே தெருவில், வாவி தெரியும் பக்கமாக, மாடி வைத்து ஒரு வீடு கட்டினேன். ஆண்பிள்ளைக்கு வீடு கட்டுகிறானே இவன், மருமகளுக்கா சீதனம் கொடுக்கப் போகிறான் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். பிலிப்பைன்ஸ்காரிக்கு எங்கள் வழமை எங்கே தெரியப் போகிறது, மாமன் வீடு கட்டித் தந்தால் வந்து இருப்பாள் என்பது என் கணக்கு.

எப்போது வருகிறாய் என்று கேட்கும்போதெல்லாம் மகன் ஒரே பதிலைச் சொன்னான்.

“நான் வாறத்துக்கு ரெடி அப்பா. அவட அம்மாதான் விடுறாவில்ல. ஒரே அழுகை.”

சரி, நான் அந்த அம்மாவோடு பேசுகிறேன், நீ பக்கத்தில் நின்று சொல் என்றேன். பேசினோம். நான் ஒரு மூச்சுக்குச் சொல்வதை அவன் நாலு சொல்லில் முடித்தான். அவர் நீளமாக ஏதோ சொன்னார். “பாப்பம் எண்டு சொல்றா” என்றான். நெல் வியாபாரத்தில் இருப்பவனுக்கு இது புரியாதா? இடையில் தரகர் நின்று பேசும் பேச்சில் இரண்டு பக்கமும் தேய்ந்துபோகும். வாங்குபவனோடு நேரே பேசித்தான் நான் மில் போட்டேன். ஆகவே சம்பந்தியோடும் நேரே பேசுவது என்று முடிவெடுத்தேன். மகன் பொய் சொல்கிறான் என்று அப்போது நினைக்கவில்லை. அவனுக்குப் பேசத் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

போன் வீடியோவில் பாடம் நடத்தியவள் ஓர் இளம்பெண். எப்போதும் சிரிப்பு. ஆங்கிலத்தில் மெதுவாக விளங்கப்படுத்துவாள். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்சம் சும்மா இருப்பாள். நான் சொல்லி முடித்ததும் “வெரி குட்” என்பாள். ஒருநாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கும் வெரி குட். இப்படிப்பட்ட வாத்தியாரை நம்பி என்ன படிப்பது? சிங்களத்தை நான் படித்தபோது, ஒரு சொல் பிழைத்தால் ஒரு மூட்டையில் நட்டம் விழும். அதனால் பிழைக்கவில்லை. அவளுடைய பாடத்தைக் கேட்டுவிட்டு, அந்த ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள் பேசும் வீடியோக்களையும் தேடிப் பார்த்தேன். அவர்கள் வெரி குட் சொல்வதில்லை.

மில்லில் மத்தியானம் மெஷின் நிற்கும் நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். தராசுக்குப் பின்னால் உள்ள சுவரில், மூட்டைக்குக் குறி போடும் கறுப்பு மையால் சொற்களைத் தமிழில் எழுதி வைத்தேன். மேசை அவர்களுக்கும் மேசா. காலில் போடும் சப்பாத்து சப்பாட்டோஸ். பறங்கி எங்களுக்குக் கொண்டுவந்ததைப் போல அங்கேயும் எவனோ கொண்டுபோயிருக்கிறான். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். பெரியவர்களோடு பேசும்போது நாங்கள் “ங்க” போடுவதைப் போல அவர்கள் “போ” என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். முதலில் அதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் மாப்பிள்ளையின் அப்பன், நான் ஏன் பணிய வேண்டும் என்றிருந்தேன். பிறகு, காரியம் ஆக வேண்டுமே என்று அதையும் சுவரில் எழுதினேன்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு அந்தச் சுவர் ஒரு விளையாட்டு. அவர்களில் மூத்தவன் ஒருநாள் என் முன்னால் வந்து கைகட்டி நின்று, சுவரைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“முதலாளி, குமாயின் நா போ பா காயோ?”

சாப்பிட்டீர்களா என்று அர்த்தம்.

“திண்டாச்சு. நீ மூட்டையத் தூக்கு.”

“வேலைக்காரனுக்கும் இந்த ‘போ’ போடுவாங்களா முதலாளி? போடுறெண்டா நாங்களும் படிக்கிறம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் மில்லில் சிரிப்பது குறைவு.

எனக்கு வேண்டிய பாடம் எந்த வீடியோவிலும் இல்லை. விமான நிலையத்தில் பேசுவது இருந்தது, கடையில் விலை கேட்பது இருந்தது, கடற்கரையில் அறை எடுப்பது இருந்தது. என் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்பது இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி நானே கட்டினேன். இங்கே பெரிய வீடு இருக்கிறது. மில் இருக்கிறது. உங்கள் மகளை என் மகள் மாதிரிப் பார்ப்பேன். நீங்களும் வரலாம், வந்து எத்தனை மாதமும் இருக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லி மனைவியின் காதைப் புண்ணாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் வீடியோ கோல் எடுத்துப் பேத்தியைக் காட்டுவாள். மகன் அந்த நேரம் வேலையில் இருப்பான். ஒரு ஞாயிறு நான் போனை மனைவியிடமிருந்து வாங்கி, பலாயெயோடு பேச வேண்டும் என்று மருமகளிடம் அவளுடைய பாஷையிலேயே சொன்னேன். சம்பந்திக்கு அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரனுக்கு இந்த உறவுக்குச் சொல்லே இல்லை, அவர்களுக்கு இருக்கிறது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

வேதக்கோயிலுக்குப் போய்வந்த உடுப்போடு அவர் குசினியில் இருந்தார். பேத்தி மடியில் இருந்தாள். நான் சுகம் கேட்டேன், சாப்பாடு கேட்டேன், “போ” ஒன்றும் விடாமல் கேட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கூடக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். நான் கட்டி வைத்திருந்ததை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழும் பெண்ணுக்குச் சொல்ல இன்னும் இரண்டு வசனம் கையில் இருந்தது.

அவர் அழவில்லை. மருமகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவர் ஏதோ சொன்னார். வேகமாகச் சொன்னார். திருப்பிச் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்று, பாடத்தில் படித்தபடி கேட்டேன். அவர் நல்ல மனுஷி. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதைப் போல ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிந்ததா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

நான் அவர்களைத் தடுக்கவில்லை. போய் உங்களோடு இருக்கச் சொன்னதே நான்தான். உங்கள் மகன்தான் மாட்டேன் என்றார். உங்கள் ஊரில் புருஷன் பெண்சாதியின் வீட்டில்தான் இருப்பானாம், அதுதான் உங்கள் வழமையாம். தன் அப்பாவும் அப்படித்தான் என்று சொன்னார். அது உண்மையா? எவ்வளவு நல்ல வழமை. எங்களுக்கு அது இல்லை என்றார்.

பக்கத்தில் மனைவி, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று என் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தது அவளுடைய வீட்டு விறாந்தையில்.

“ஓப்போ” என்றேன். ஓம், உண்மைதான்.

அடுத்த நாள் மகன் எடுத்தான். நான் சுகம் விசாரிக்கவில்லை.

“வாற எண்ணம் இல்லையெண்டா என்னட்டச் சொல்ல ஏலாதா? அந்த மனிசில ஏன் பழியப் போட்டநீ?”

அவன் சொன்னான்.

“உங்களுக்கிட்ட மாட்டேனெண்டு சொல்லிப்போட்டு நிண்ட ஆள் ஒருத்தரக் காட்டுங்க அப்பா பாப்பம்.”

கட்டாருக்குப் போகுமுன் அவன் மில்லில் நின்ற நாட்களில், மற்றவர்களுக்கு முன்னால் நான் அவனைச் சோற்றுக்கு மட்டும் வருகிறவன் என்று சொன்னேனாம். மூட்டை தைக்கத் தெரியாத கை என்று சொன்னேனாம். அதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறான். நான் சொல்லியிருப்பேன். என் முதலாளி எனக்கு அதைவிடக் கேவலமாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன், அதனால்தான் மில் போட்டேன். இவன் கேட்காமல் போனான், அதனால்தான் இன்னொருத்தர் வீட்டில் இருந்துகொண்டு இன்னொருத்தருக்குச் சமைக்கிறான். இதைத்தான் அவனுக்கும் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

மனைவியாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

“இஞ்சேருங்க, உங்களுக்கொரு பொம்பிளப் பிள்ள இருந்து, இப்பிடி ஒரு மருமகன் வந்து இருந்தா ஊரெல்லாம் புழுகித் திரிவீங்க. அவக்கு அந்தக் குடுப்பினை இருக்கு. மறுகா எதுக்கு மூஞ்ச நீட்டுறீங்க?”

“அப்ப நான் கட்டின வீடு?”

“ஆரு உங்களக் கட்டச் சொன்ன?”

அந்த வீட்டில் இப்போது ஒரு வங்கி உத்தியோகத்தர் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். மாடியில் உடுப்புக் காயப்போடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. மில்லைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று ஆட்கள் கேட்கிறார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

மகன் தாயோடு பேசுகிறான், அதுவும் நான் மில்லில் இருக்கும் நேரம் பார்த்து. அவள் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால், நீங்களே எடுத்துக் கேளுங்கள் என்கிறாள். நான் ஏன் எடுக்க வேண்டும்? வைத்தவன் அவன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தி என்னோடு பேசுகிறார். நான் அந்த மொழி பேசுவதைக் கேட்க அவருக்கு ஆசை. வந்து இருங்கள், வந்து இருங்கள் என்று கூப்பிடுகிறார். கூப்பிட வேண்டியவர் அவர் இல்லை என்று அவருக்குச் சொல்வதற்குரிய வசனம் என்னிடம் இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை. என் மகன் புது இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், பேத்தி நடக்கத் தொடங்கியதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பிள்ளையின் செய்தி எனக்கு அந்தப் பாஷையில்தான் வருகிறது.

போன ஞாயிறு, மகனுக்கு லக்னாட் என்றார். காய்ச்சல். ஆஸ்பத்திரிப் பாடத்தில் வந்த சொல், உடனே பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாக என்று கேட்டேன், சொன்னார். மருந்து குடிக்கிறானா என்று கேட்டேன், குடிக்கிறான் என்றார். சாதாரணக் காய்ச்சலா, குடலைப் பிடிக்கும் நெருப்புக் காய்ச்சலா என்று கேட்க வேண்டும். அதற்கு எனக்குச் சொல் வரவில்லை. பக்கத்தில் மனைவி இருந்தாள். காலையில்தான் அவனோடு பேசியிருப்பாள், எல்லாம் தெரிந்திருக்கும். நான் அவளிடம் கேட்கவில்லை. நெற்றியில் கை வைத்து, பிறகு வயிற்றில் கை வைத்து, சம்பந்திக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.