நாலு உயிருக்கு ஒரு டீ

மஸ்கட்டிலிருந்து அக்கா கைக்குழந்தையோடு வந்த அன்று, சென்னை விமான நிலையத்திலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு வேன் சொல்லியிருந்தேன். எங்கள் கம்பெனிக்கு ஷிப்ட் வேன் விடுகிற ஓனரிடம்தான். தெரிந்தவர் என்ற நம்பிக்கை. நைட் ஷிப்ட் முடிந்து, வீட்டில் தூங்கி எழுந்து, மதியம் பஸ் பிடித்து ஏர்போர்ட் போனேன். வேனோடு நின்றவர், காலையில் என்னை வீட்டில் இறக்கிவிட்ட அதே டிரைவர். அதே சட்டை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தண்டலம் அருகே வேன் தானாக ஒதுங்கி ஒரு கன்டெய்னர் லாரியை உரசப் போனது. நான் அலறி, டிரைவர் தோளில் அடித்தேன். திடுக்கிட்டு விழித்து, வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னாண்ணா, தூங்கிகினே ஓட்டறியா? கொழந்த கீது வண்டில!"

"ராத்திரி உங்க ஷிப்ட்டு, காலைல வேற கம்பெனி டிரிப்பு. ஓனரு அப்பிடியே ஏர்போர்ட்டுக்குப் போன்னுட்டாரு. நான் எப்பம்மா தூங்கறது?"

உடனே ஓனருக்கு போன் போட்டேன். "ஒரு டீ வாங்கிக் குடும்மா, சரியாப் பூடும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு உயிருக்கு ஒரு டீயா?

டிரைவரைப் பின்சீட்டில் படுக்கச் சொன்னோம். சாயங்கால ஷிப்டுக்கு வண்டி எங்கே என்று ஓனர் அவரை விடாமல் கூப்பிட்டார். அந்த போனை நான்தான் எடுத்தேன். "அவரு தூங்கறாரு. நீங்க வந்து ஓட்டுங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அவர் தூங்கி எழுந்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

இப்போதெல்லாம் வேன் பேசும்போது, டிரைவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, எப்போது தூங்கினீர்கள் என்று கேட்கிறேன். "அதெல்லாம் நல்லா தூங்கிட்டாம்மா" என்று ஓனர் குறுக்கே வந்தால் போனை வைத்துவிடுவேன். தூங்கியவர் வாயிலிருந்து வரவேண்டிய பதில் அது.