சரோஜா அக்காவை அடையாளம் காட்ட ஒருவர் தேவை

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியருக்கும் பானுமதியின் பணிவான வணக்கம். காலம் தாழ்த்தி எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

நம் சரோஜா அக்கா இறந்துவிட்டார்.

பிஷ்கேக்கில், நீங்கள் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட அதே மெஸ்ஸில், திங்கட்கிழமை காலை மயங்கி விழுந்திருக்கிறார். விடுமுறை என்பதால் மாணவர்கள் ஒருவரும் இல்லை. பூட்டிய மெஸ்ஸுக்குக் காவலாக அக்கா மட்டும் தனியாக...

எதிரே காய்கறிக் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். எனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று வரி எழுதினார். ரஷ்ய மொழியில்.

அந்த எழுத்துகளை மாவு மூட்டைகளையும் எண்ணெய் பாட்டில்களையும் பார்த்து நானாகவே கற்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் மூன்று மொழி படிக்கிறாள் என்று பூதலூரில் எனக்கொரு பெயர் உண்டு. எழுத்துக் கூட்டினேன். மருத்துவமனை என்ற சொல் புரிந்தது. அடுத்த சொல்லும் புரிந்தது. புரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அந்த ஒரு நாள்தான் என் தாமதம். இப்போது அதை எங்கே போய்த் திரும்பக் கேட்பேன்...

அவரை அறியாதவர்களுக்காக. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நடவு ஆட்களை நடத்திச் சென்றவர் சரோஜா அக்கா. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்றபோது அவரும் நானும் ஒரே விமானத்தில் போனோம். நான் நான்காண்டுகளில் திரும்பிவிட்டேன். அவர் இருந்துவிட்டார்.

அங்குள்ள அரிசிக் கடையில் அக்கா ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பார், களத்தில் நெல்லின் ஈரம் பார்ப்பது போலவே. முதல் நாள் கடைக்காரர் கத்தினார். அக்காவும் தமிழிலேயே திருப்பிக் கத்தினார்.

"ஏய்யா, புது அரிசிய எந்தலையில கட்டப் பாக்குறியா? கொழஞ்சு போனா எம்புள்ளைங்க எப்படித் திங்கும்?"

ஒரு மாதத்தில், அக்கா உள்ளே நுழைந்தாலே அவர் ஒரு கைப்பிடி அரிசியை நீட்டிவிட்டுத் தீர்ப்புக்குக் காத்து நிற்கத் தொடங்கினார்.

என் பேச்சு அவருக்குக் கேலி. "அக்கா, உப்பு தீரும் தறுவாயில் உள்ளது" என்பேன். "ஆமா, கலெக்டருக்கு மனு எழுதுறா பாரு. உப்பு இருக்கா இல்லையா, அதச் சொல்லுடி!"

கும்பகோணத்துப் பெண் ஒருத்தி, முதலாண்டு மாணவி. அனாட்டமி வகுப்பில் முதன்முதலாகச் சடலத்தைத் தொட்டுவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"ஏன் பாப்பா, ரசம் புடிக்கலயா?"

"கையெல்லாம் அந்த மருந்து வாடைக்கா. எத்தன தடவ கழுவுனாலும் போகல."

"ஒங்கைதானே நாறுது? எங்கை நல்லாத்தானே இருக்கு. வாயத் தொற." பிசைந்து ஊட்டினார். நாலு வாய் போன பிறகு கேட்டார், "யாருடி அந்த ஆளு?"

"தெரியாதுக்கா. யாரும் கேட்டு வராதவங்கன்னு சொன்னாங்க."

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அடப் பாவமே... ஒரு பேராச்சும் வெச்சுக் கூப்புடுங்கடி."

அந்தப் பெண் இன்று மருத்துவர். இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன்.

இப்போது அக்காவே அங்கே பெயரில்லாமல் கிடக்கிறார். அவருடைய பாஸ்போர்ட், மெஸ்ஸை எடுத்து நடத்துபவரிடம் இருக்கிறது. அவர் போனோ அணைந்து கிடக்கிறது. ஊரில் அக்கா வீட்டில் அதன் நகல்கூட இல்லை.

தூதரகத்தில் கனிவாகவே பேசினார்கள். அக்காவை நேரில் அறிந்த இந்தியர் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று, அடையாளம் காட்டிக் கையொப்பமிட்டால், மற்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமைக்குள்.

மருத்துவமனைக்கு நானே பேசினேன். வெங்காயம், உப்பு, நாளைக்கு வருகிறேன், நன்றி... அந்த மொழியில் என் வாயில் வருபவை இவ்வளவே. "அவர் எங்களுடையவர்" என்று சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. நன்றி, நன்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டார்கள்.

அக்காவின் மகள் கவிதா என் வீட்டில்தான் இருக்கிறாள். போன் மணி அடித்தால் எழுந்து நிற்கிறாள்.

"சித்தி, யாரும் வரலன்னு அம்மாவ அவங்க எங்கயாச்சும் கொண்டு போயிட்டாங்கன்னா?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கம்மா" என்றேன். செய்வார்களா மாட்டார்களா என்பது மருத்துவம் படித்த உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம்.

விடுமுறைக்கு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட மாணவர்... அங்கேயே பணிபுரியும் பழைய மாணவர்... ஒருவர் போதும்.

வலது முன்கையில் பச்சை குத்திய கோலம். இடது சுண்டுவிரலில் கதிர் அரிவாள் பட்ட தழும்பு. முகம் பார்க்க மனம் வராவிட்டால் கையை மட்டும் பாருங்கள்.

சென்று வாருங்கள் அக்கா என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத மாட்டேன். நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

பிஷ்கேக்கில் இருப்பவர் யாராயினும், தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.