துண்டை இடம் மாற்றியவர்

அவரைப் பன் பதுக்குகிற ஆள் என்றுதான் முதலில் நம்பினேன். வில்லியனூரில் புதிதாகத் திறந்த பேக்கரியில் ஆளுக்கு ரெண்டு பன்தான் தருவார்கள். தீர்ந்துபோனால் உயிரே போய்விடும் என்பது போல, ஐம்பது வயசில் படபடப்போடு வரிசைக் கடைசியில் நின்றேன்.

ரெண்டு பன்னோடு வெளியே வந்தவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். சவரம் செய்யாத, ஒல்லியான மனிதர். பையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பன் இருந்தது.

"இன்னாண்ணே, துண்டு எடம் மாறினா ஆளு மாறிடுமா?" என்றேன், கடைக்காரப் பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி. வரிசை சிரித்தது.

"காலைல அம்மா செத்துட்டாங்கபா. எடுக்கற வரைக்கும் வூட்ல அடுப்பு மூட்ட மாட்டோம். வெளியூர் சனம் கொழந்தைங்களோட வந்துருக்கு, டீயோட இன்னா குடுக்கறது?"

"கடைல சொல்லலாமில்ல?"

"சொன்னேன். பன்னுக்காக தெனம் யாராவது சாவு சொல்றாங்களாம்."

அவர் முறை வந்தபோது அந்தப் பெண், "வாங்கினவங்களுக்குத் திரும்பக் கெடையாது" என்றாள். நானும் எடுத்துச் சொன்னேன், ரூல்ஸ் என்றாள். நான் வாங்கியிருந்த ரெண்டு பன்னை அவரிடம் நீட்டினேன். பையில் போட்டுக்கொண்டார். துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார். சாவு வீட்டுக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை.

சாயங்காலம் பேக்கரிப் பக்கம் போனேன். கண்ணாடி அலமாரி நிறையப் பன் இருந்தது.