இரண்டாம் பாகமும் செங்கல்பட்டு வரை ரயிலும்

"டிசம்பர் முடியறதுக்குள்ள ஒரே ஒரு புத்தகமாவது கடைசிவரைக்கும் படி. இல்லேன்னா ஜனவரியில வராத" என்றார் விமலா அக்கா. தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய வாடகைப் புத்தகக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. "கதை எப்படின்னு கஸ்டமர் கேட்டா, அட்டையப் பார்த்துப் பதில் சொல்ற. எத்தனை நாளைக்கு?"

நியாயமான கேள்விதான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஈரோட்டில் பரோட்டா கடை, அனகாபுத்தூரில் தறி என்று எங்கும் நிலைத்ததில்லை. சலித்தால் ரயில் ஏறிவிடுவேன். போன ஊரில் இடம் கிடைக்கும்வரை நடைமேடையில் படுக்கை. இந்தக் கடையில்தான் முதல்முறையாக இருந்துவிடலாம் என்று தோன்றியது. மின்விசிறி இருந்தது. மதியம் அக்கா சோறு போட்டார். வந்தவர்கள் எல்லாரும் கதை பேசினார்கள்.

மெலிந்த புத்தகம்

அலமாரியில் இருந்ததிலேயே மெலிந்ததை எடுத்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக் காதல் கதை. மலையூர் ஒன்றில் ஒரு புத்தகக் கடை, அதை நடத்தும் பெண், விடுமுறைக்கு வருகிற ஒருவன். அவள் ஏன் அவன் முகத்தைக்கூடப் பார்க்க மறுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

புத்தகம் மாற்ற வந்த ஆட்டோ ரவி அண்ணன் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாபா, ரெண்டாம் பாகத்த மொதல்ல படிச்சிகினு கீற? போன கிறிஸ்துமஸ்ல சொல்லாம கொள்ளாம அவன் ஊருக்குப் பூட்டான். அதான் அந்தப் பொண்ணு காண்டா கீது."

கவுன்டரில் சாய்ந்துகொண்டு முதல் பாகம் முழுவதையும் சொன்னார். வெளியே அவருடைய ஆட்டோவில் காத்திருந்த சவாரி, தானே ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

அதன்பிறகு கதை என்னை விடவில்லை. ஒரே குறை, அந்தக் கடையில் யாரும் தூசி தட்டவில்லை. கிழிந்த அட்டைக்குப் பசை தடவவில்லை. ஏணியில் ஏறுவதும் ஒருவரையொருவர் பார்ப்பதும்தான் வேலை.

"இவங்களுக்கு வியாபாரம் எப்படிக்கா நடக்குது?"

"நீ மட்டும் என்ன பண்ற? படி."

கடைசி அத்தியாயம்

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. கஸ்டமர் கேட்ட புத்தகம் வேலையாள் கையில் இருந்தாலும் அந்த நிமிடமே கொடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் பெட்டியோடு வந்தார். நாகர்கோவிலுக்கு ரயில். திரும்பி வருவது ஜனவரியில்.

"அந்தப் புத்தகக் கடைக் கதை, ரெண்டாம் பாகம் இருக்கா தம்பி?"

கடைசி அத்தியாயம் மட்டும் எனக்குப் பாக்கி. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தேன். பிறகு சிஸ்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

நடைமேடையில் கேட்டேன். "ரயில் வர்ற வரைக்கும் படிச்சுக்கட்டுமா சிஸ்டர்? முடிக்கலேன்னா வேலை போயிடும்."

"படி. ஆனா சத்தமா படிக்காண்டாம். எனக்கு முடிவு தெரிஞ்சிரும்."

எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து ஓடும். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். மூன்று பக்கம் மிச்சமிருக்கும்போது ரயில் வந்தது. பெட்டியோடும் புத்தகத்தோடும் நானும் ஏறிவிட்டேன்.

"நீயும் நாகர்கோவிலா?"

"மூணு பக்கம்தான் சிஸ்டர்."

கூடுவாஞ்சேரி தாண்டும்போது அவர் அதட்டினார். "சிரிக்காத! உன் மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லுது. அந்தப் பக்கம் திரும்பு!"

கதவுப் பக்கம் திரும்பி நின்று படித்து முடித்து, புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். செங்கல்பட்டில் இறங்கி, டிக்கெட் இல்லாததற்கு அபராதம் கட்டிவிட்டு, அடுத்த லோக்கலில் தாம்பரம் வந்தேன். அக்கா கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"எங்கடா போன? ரயில் ஏறிட்டியோன்னு நெனச்சேன்."

"ஏறினேன்கா. முடிச்சிட்டேன்."

ஷட்டரைப் பாதியில் நிறுத்தினார். "கதை எப்படி?"

அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தேன். நான் முடிக்கும்வரை அவர் ஷட்டரை இறக்கவில்லை. பிறகு சாவியை என் கையில் வைத்து, "ஜனவரியிலேர்ந்து கடையை நீயே வந்து திற" என்றார்.

ஓர் இடத்திலிருந்து ரயில் ஏறி, அதே இடத்துக்கு நான் திரும்பியது அதுதான் முதல்முறை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கஸ்டமருக்குப் பதில் சொல்லுங்கள். சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள்.