முப்பத்தெட்டும் நாற்பதும்

இங்கே தப்பான பதிலுக்கும் மதிப்பெண் உண்டு. நம்ப மாட்டீர்கள், நானும் முதலில் நம்பவில்லை. முதலாண்டு இயற்பியல் வகுப்பில் பேராசிரியர் ஹெலன் பாடத்தை நடுவில் நிறுத்தித் திரையில் ஒரு கேள்வியைப் போடுவார். பிள்ளைகள் செல்போனில் ஏ, பி, சி என்று அழுத்துவார்கள். சரியோ தப்போ, அழுத்தியதற்கே மொத்தத்தில் ஐந்து சதவீதம். மெல்பர்னுக்கு வந்த புதிதில், டியூட்டராகப் பின்வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. திருவண்ணாமலையில் தப்பாகப் பதில் சொல்லி நான் வாங்கியதெல்லாம் வேறு.

அந்த ஐந்து போக, வாராந்தரக் கணக்குகளுக்குப் பதினைந்து, லேபுக்கு இருபது, இடைத்தேர்வுக்கு இருபது, கடைசித் தேர்வுக்கு நாற்பது. வாராந்தரக் கணக்குகளில் மிக மோசமான இரண்டை அவர்களே தள்ளிவிடுவார்கள். கடைசித் தேர்வில் நன்றாக எழுதினால், சொதப்பிய இடைத்தேர்வுக்கும் அந்த மதிப்பெண்ணையே வைத்துக்கொள்வார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தி வீட்டில் சாவு விழும் என்று முன்கூட்டியே யோசித்துப் போட்ட திட்டம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அக்கா ஞாபகம்தான் வரும்.

சுமதி அக்காவும் நானும் ஒரே கல்லூரி, ஒரே இயற்பியல். நான் முதலாண்டு, அவள் மூன்றாம் ஆண்டு. வேங்கிக்காலிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவோம். ஆட்டோ வளைவில் திரும்பி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாயும்போது காதோரம் சொல்வாள்: "நம்மள யாரும் தள்ளலைடா. நாமதான் நேரா போகப் பாக்குறோம். ஆட்டோதான் திரும்புது." எனக்கு மெக்கானிக்ஸ் புரிந்தது அப்படித்தான். அதே மெக்கானிக்ஸ் தாளைத்தான் அவள் காய்ச்சலோடு எழுதி முப்பத்தெட்டு வாங்கினாள். தேர்ச்சிக்கு நாற்பது. மற்ற எல்லாத் தாளிலும் பாஸ். அடுத்த முறை எழுதலாம் என்று இருந்தவளுக்கு அதற்குள் கல்யாணம் ஆனது. இப்போது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், மாமாவோடு கடை நடத்துகிறாள். டிகிரி இல்லை.

பிறகு நான் ஊரில் சில காலம் விரிவுரையாளராக இருந்து, விடைத்தாள் திருத்தவும் போனேன். அங்கே எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று யாரையும் விடமாட்டோம். எங்காவது ஒரு ஃபார்முலாவுக்கு அரை, ஒரு படத்துக்கு ஒன்று என்று தேடி நாற்பதாக்கிவிடுவோம். "பாவம், தூக்கி வுட்டுடுங்க சார்" என்பார் பக்கத்து மேசைக்காரர். அக்காவின் தாள் போன மேசையில் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போயிற்று.

அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. இங்கே முதல் இடைத்தேர்வில் ஒரு பெண்ணின் தாள் நூற்றுக்கு முப்பத்தெட்டில் நின்றது. இரண்டு போட்டுத் தூக்கிவிட்டேன். ஹெலன் கூப்பிட்டார்.

"இந்த இரண்டு எதற்கு?"

"ஃபெயில் ஆகிவிடுவாளே."

"ஒரு தேர்வில் யாரும் ஃபெயில் ஆவதில்லை. மொத்தத்தில் ஐம்பது வேண்டும், அவ்வளவுதான். நாற்பதில் என்ன இருக்கிறது?"

என்ன இருக்கிறதென்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? மன்னிப்புக் கேட்டு இரண்டையும் அடித்தேன். அந்தப் பெண் எனக்குத் தெரிந்தவள் என்று ஹெலன் நினைத்துக்கொண்டார். போகட்டும்.

இந்த வருடம் ஊரிலிருந்து ஒரு சேதி. பழைய அரியர் உள்ளவர்கள் எழுத, பல்கலைக்கழகம் ஒரு சிறப்பு வாய்ப்புத் தருகிறதாம். அக்காவுக்கு உடனே போன் போட்டேன்.

"வுடுடா. என் பொண்ணே காலேஜ் போறா. நான் போய் அவளோட ஒண்ணா உக்காந்து எழுதவா?"

"நீ எழுதினாதான் எனக்கு மனசு ஆறும்க்கா."

அப்ளிகேஷன் போட்டாள். தேதி வந்தது. பார்த்தால் பௌர்ணமி அன்றைக்கு. கிரிவலத்துக்கு ஊரே திரண்டு வரும், கடையில் ஜாஸ்தி வியாபாரம் ஆகும் நாள். "பாக்கறேன்டா" என்றாள். நம் ஊரில் அதற்கு முக்கால்வாசி அர்த்தம், மாட்டேன் என்பதுதான். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

அதே நாளில் இங்கே கடைசித் தேர்வு. மேற்பார்வையாளனாக நின்றேன், போனைத் தொடக் கூடாது. மூன்றரைக்குத் தாள்களை வாங்க ஆரம்பித்தேன். அங்கே அப்போது காலை பத்து, வினாத்தாள் கொடுக்கும் நேரம். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். தேர்வு நடத்துகிறவன் முகம் ஏன் இப்படி வெளிறியிருக்கிறது என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்து போன் போட்டேன். மாமாதான் எடுத்தார். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"அவ காலையிலயே பஸ் ஏறிட்டாப்பா. போனை இங்கயே வச்சுட்டா. பேனா மட்டும் மூணு எடுத்துனு போனா."

போனைப் பையில் போட்டேன். நூற்றிருபது விடைத்தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்த ஊர் வெயிலில் நின்றேன். எல்லாம் இங்குள்ள பிள்ளைகள் எழுதியவை, நான் திருத்த வேண்டியவை. நான் வேண்டிக்கொண்டிருந்தது, அவற்றில் இல்லாத ஒரு தாளுக்காக.