அம்மாவின் நுரையீரலும் இரண்டு லோடு எருவும்

புதுச்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. அப்பா போன பிறகு இருபது வருடம் அம்மாதான் அதைப் பார்த்தாள். இருமல் வந்தபோது தூசி என்று விட்டுவிட்டோம். சேலத்தில் என் வீட்டில் நாலு நாள் தங்கினால் இருமல் குறையும். மகளைப் பார்த்த தெம்பு என்று நானே பெருமைப்பட்டுக்கொள்வேன்.

தெம்பும் இல்லை ஒன்றும் இல்லை, அந்த நாலு நாள் கோழிகளை விட்டு விலகியிருந்ததுதான் காரணம் என்றார் நுரையீரல் டாக்டர். கோழி எச்சத்தின் தூசியும் இறகுத் தூளும் ஒத்துக்கொள்ளாமல் உள்ளே தழும்பு விழுந்திருந்தது. "இனிக் கோழி சகவாசமே ஆகாதுங்க" என்றார்.

நான் திருச்செங்கோட்டில் பயோடெக்னாலஜி படித்தவள். இப்போது கல்லூரியில் அதையே நடத்துகிறேன். சும்மா இருப்பேனா? அன்று சாயங்காலமே நோட்டில் படம் போட்டு அம்மாவுக்கு விளக்கினேன். காயம் பட்டால் ஒரு செல் இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும். டிஜிஎஃப் பீட்டா என்று அதற்குப் பெயர். அது கிடைத்ததும் தழும்பு போடும் செல்கள் வேலையை ஆரம்பிக்கும். காயம் ஆறினதும் சேதி நிற்க வேண்டும். தினமும் தூசி போனால் நிற்காது. போதாக்குறைக்கு, இறுகிப்போன தழும்பே அந்தச் சேதியை மறுபடி கிளப்பிவிடும்.

"போதும்னு சொல்ல ஆருமில்லீன்னா அது என்ன பண்ணும், பாவம்" என்றாள் அம்மா.

அந்த மாதமே கோழிகளை விற்றோம். கூண்டுகளுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு எச்சம் காய்ந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் வீணாக்க மாட்டார்கள். தென்னைக்கு அதைப் போல எரு கிடையாது. பண்ணையை ஒட்டிய அம்மாவின் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களுக்கு இரண்டு லோடு கொட்டச் சொல்லி நானே நின்று வேலை வாங்கினேன். கோழிதான் போய்விட்டதே என்று நினைத்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடிக் காற்றில் எரு பொடியாகி வாசலெல்லாம் பறந்தது. அம்மா தினமும் கூட்டினாள். மாதம் முடிவதற்குள் குளித்துவிட்டு வருவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. மறுபடி ஸ்கேன் பார்த்த டாக்டர் வீட்டில் வேறென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எருவைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

எருவை ஒரே நாளில் அள்ளிவிட்டோம். தழும்பை யார் அள்ளுவது? ஆக்சிஜன் மெஷின் வந்தது. ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தாம்மா கொட்டச் சொன்னேன்" என்று அழுதேன்.

அம்மா மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டாள். "கூட்டறப்பவே நெஞ்சு அடைச்சுது சாமி. படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் போடுவீன்னு இருந்துட்டேன்" என்றாள்.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கார்த்திகைக்குள் போய்விட்டாள். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.