உள்தாழ் போட்ட அறை

“செண்பகம் ஓடிப்பூட்டாள்னு சொல்லாத கங்கம்மா. அவ எவன்கூடவும் ஓடல. நான் பாத்துக்கினு நின்னேன்.”

“பொட்டியத் தூக்கினு ஒரு ஆம்பள பின்னாலயே போனானே, அதுக்கு இன்னா பேரு?”

“படுக்க எடம் தேடிக்கினு போனான். எனுக்கு அவளக் கண்டா ஆகாது, தெருவுக்கே தெரியும். நானே சொல்றேன்னா பொய்யா இருக்குமா?”

ஆகாதுதான். இன்றைக்கும் ஆகாது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கு ஷெட் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மிஷின் பூட்ட வெளியூர் ஃபிட்டர்கள் வந்து ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி தங்குவார்கள். நான் என் வீட்டு முன்னறையை வாடகைக்கு விட்டேன். எதிரே மணவாளன் வீட்டில் இரண்டு அறைகளை எடுத்து, புருஷனை இழந்த செண்பகம் ஆள் தங்கவைத்தாள்.

காலையில் காபியோடு போய்க் கதவைத் தள்ளினால் திறக்காது. தங்கினவர் பாயை இழுத்துப் போட்டு, கதவுக்கு முதுகு கொடுத்துப் படுத்திருப்பார். கதவிடுக்குக் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். மோதிரத்தை விற்று டேபிள் ஃபேன் வாங்கினேன்.

செண்பகமும் அதையேதான் பார்த்தாள். அவள் பொன்னேரிக்குப் போய் இரண்டு தாழ்ப்பாள் வாங்கிவந்து, கதவுகளுக்கு உட்பக்கம் பொருத்தினாள். எங்கள் தெருவில் அறைக்கு வெளியேதான் கொண்டி இருக்கும். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் வழக்கமே கிடையாது.

அதோடு என் அறை காலி. ஒருமுறை தங்கிப்போன கோயம்புத்தூர்க்காரர் எதிர்வீட்டுக்கு நடந்தபோது வழிமறித்துக் கேட்டேன்.

“காத்து நல்லாத்தான் வருதுங்கம்மா. தெரியாத ஊரு. யாரு கதவத் தொறப்பாங்களோன்னு கண்ண மூட முடியலீங்க.”

நானும் ஒரு தாழ்ப்பாள் வாங்கியிருக்கலாம் என்பீர்கள். அவளைப் பார்த்து நான் செய்வதா? மாட்டேன். வயிறு எரிந்தால் எரியட்டும்.

கங்கம்மாவின் வாய்க்கு அந்தத் தாழ்ப்பாளே போதுமாயிருந்தது. பொம்பளை நடத்துகிற இடத்தில் உள்தாழ் எதற்கு என்று தெருவெல்லாம் கேட்டாள். மணவாளன் காதுக்கும் போயிற்று. ஒரு காலையில் வந்து நின்றார்.

“தாழ்ப்பாளக் கழட்டு செண்பகம். இல்லன்னா காலி பண்ணு.”

“கழட்டிடறேண்ணா. ஆனா தாழ் இல்லாத ரூம்ல இன்னொருத்தரப் படுன்னு சொல்ல மாட்டேன். நான் கெளம்பறேன்.”

திருப்புளியை எடுத்துத் தானே திருகாணிகளைக் கழற்றினாள். இரண்டு தாழ்ப்பாளையும் முந்தானையில் முடிந்துகொண்டு, டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தாள். முன்பு அவளிடம் தங்கிப்போன ஃபிட்டர் ஒருவர் அப்போதுதான் ரயிலிறங்கி, கையில் பெட்டியோடு தெருவில் நின்றிருந்தார். என் அறையில் ஃபேனை ஓடவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

“ரூம் இங்க கீது நைனா, வா.”

அவர் என் கதவின் உட்பக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு செண்பகத்திடம் திரும்பினார்.

“நீங்க எங்கம்மா போறீங்க?”

“பொன்னேரிக்கு. எடம் பாத்ததும் மொத வேல, இந்தத் தாழ்ப்பாள மாட்டறதுதான்.”

என்னைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள்.

“ஃபேன நிறுத்துக்கா. கரண்டு வீணாப் போவுது.”

சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். ஃபிட்டரும் பெட்டியோடு பின்னாலேயே போனார்.